கடலூர் பக்கம் 5 கறவை மாடு வைத்தால் உண்மையில் கையில் எவ்வளவு நிற்கும்?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: குறிஞ்சிப்பாடி பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் நிலம், போர் தண்ணீர் இருக்கிறது, கையில் 4 லட்சம் சேமிப்பு, அப்பா அம்மா ஊரில் இருக்கிறார்கள், வேலையை விட்டுவிட்டு வந்து 5 மாடு வாங்கிக் கட்டலாமா, பக்கத்து ஊர்க்காரர் மாதம் 50 ஆயிரம் வருகிறது என்கிறாரே, அது நிஜமா.

அவர் பொய் சொல்லவில்லை. 5 மாடும் கறவையில் இருந்து ஒரு மாட்டுக்கு 10 லிட்டர் வைத்து நாளைக்கு 50 லிட்டர் ஊற்றினால், லிட்டருக்கு 36 ரூபாய் என்று வைத்தாலே 1,800 ரூபாய், மாதம் 54 ஆயிரம். ஆனால் அது வரவு, லாபம் இல்லை. அதுவும் 5 மாடும் கன்று போட்டு ஒன்றிரண்டு மாதம் ஆன நல்ல காலத்து வரவு. அதே மாதத்தில் தீவனத்துக்கு மட்டும் 30 ஆயிரத்துக்கு மேல் போயிருக்கும், அதை யாரும் டீக்கடையில் சொல்ல மாட்டார்கள். மாட்டுக் கணக்கை நாள் கணக்காகவோ மாதக் கணக்காகவோ போட்டால் எப்போதும் லாபமாகத்தான் தெரியும். ஒரு ஈத்திலிருந்து, அதாவது ஒரு கன்று போட்டதிலிருந்து, அடுத்த ஈத்து வரைக்கும் முழுசாகப் போட்டால்தான் உண்மை தெரியும். எனவே ஒரு மாட்டுக்கு ஒரு ஈத்துக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். விலையெல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டது, உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துக்கு ஜெர்சி கலப்புதான். சமவெளிக்கு ஜெர்சி, மலைக்கு எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) என்றுதான் தமிழ்நாட்டில் கால்நடைத்துறையும் வைத்திருக்கிறது, அதற்குக் காரணம் நம் வெயில். எச்.எஃப். 20 லிட்டர் கறக்கும் என்று ஆசைப்பட்டு வாங்கினால் சித்திரை வைகாசியில் அது மூச்சிரைத்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நல்ல ஜெர்சி கலப்பு உச்சத்தில் 12 லிட்டர் கொடுக்கும், பிறகு இறங்கும், 300 நாளுக்குச் சராசரி 8 லிட்டர் என்றால் 2,400 லிட்டர். கன்றுக்குப் போக, சீம்பால் நாட்கள் போக, விற்பனைக்கு 2,200 லிட்டர். பால் கூட்டுறவு சொசைட்டிக்கு அரசு வைத்த விலை பசும்பாலுக்கு 35 ரூபாய் (2022 நவம்பரில் 32-லிருந்து ஏற்றியது), அதற்கு மேல் 2023 டிசம்பரிலிருந்து ஊக்கத்தொகை 3 ரூபாய், ஆக 38. ஆனால் கொழுப்பும் இதர சத்தும் பார்த்துத்தான் போடுவார்கள், எல்லா நாளும் முழு விலை கிடைக்காது, அதனால் 36 என்று வைத்துக்கொள்கிறேன். 79,200 ரூபாய் வரவு.

இப்போது செலவு. அடர்தீவனம் உடம்புக்கு 2 கிலோ, அப்புறம் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ, இதுதான் பொது அளவு. அப்படிப் பார்த்தால் கறவை நாளில் சராசரி 5 கிலோ, வற்றிய இரண்டு மாதத்துக்கும் சேர்த்தால் 1,600 கிலோ. மூட்டை தீவனம், தவிடு, புண்ணாக்கு எல்லாம் கலந்து கிலோ 30 ரூபாய் என்றால் 48,000. வைக்கோல் நாளைக்கு 5 கிலோ, வருசத்துக்கு 9,000. தாது உப்பு, சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்), குடற்புழு மருந்து, டாக்டர், காப்பீடு, சில்லறை எல்லாம் சேர்த்து 8,000. ஆக 65,000. மிச்சம் 14,200, எருவுக்கு ஒரு 5,000 சேர்த்தால் 19 அல்லது 20 ஆயிரம் என்று வையுங்கள். பசும்புல் உங்கள் நிலத்திலிருந்து, கூலி உங்கள் குடும்பத்திலிருந்து என்று வைத்துத்தான் இந்த 20 ஆயிரமும்.

அதாவது 5 மாட்டுக்கு வருசம் ஒரு லட்சம், மாதம் எட்டாயிரம் சொச்சம். ஆள் வைத்தால் மாதம் 12 ஆயிரம் கூலி, மாடு உங்களுக்கு ஒரு ரூபாய்கூடத் தராது, கைக்காசும் போகும். 5 மாட்டுக்கு ஆள் வைப்பது கட்டுப்படியே ஆகாது, இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இந்தக் கணக்கில் மூன்று இடத்தில் கை வைக்க முடியும், அதில் கை வைத்தவர்கள்தான் நம் மாவட்டத்தில் பத்து இருபது வருசமாக மாடு வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள்.

முதலாவது, எல்லாவற்றிலும் பெரியது, சினை. மேலே போட்ட கணக்கு மாடு 12, 13 மாதத்துக்கு ஒரு கன்று போடும் என்று வைத்துப் போட்டது. அது 16 மாதமாக இழுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்: அதே ஈத்தில் கொஞ்சம் கூடக் கறந்து 2,400 லிட்டர் விற்றாலும், அது 16 மாதத்துக்கான பால், வருசத்துக்கு 1,800 லிட்டர்தான், 64,800 ரூபாய். செலவோ 60 ஆயிரத்துக்குக் கீழே இறங்காது. 14 ஆயிரம் நிற்க வேண்டிய இடத்தில் நாலாயிரம் நிற்கும். மாடு ஆரோக்கியமாக இருக்கிறது, பால் நன்றாக இருக்கிறது, நோய் நொடி இல்லை, இருந்தும் காசு நிற்கவில்லை என்று நிறைய பேர் குழம்புவது இந்த இடத்தில்தான்.

மாடு 21 நாளைக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அதை ஒருமுறை தவறவிட்டால் அடுத்து 21 நாள். வற்றப்போகும் மாட்டுக்கு வைக்கோலும் தீவனமும் மற்றதும் சேர்த்து நாளைக்கு 100 ரூபாய் என்றாலும் ஒரு தவறலுக்கு 2,100 ரூபாய், 5 மாட்டிலும் இரண்டிரண்டு முறை தவறினால் 21 ஆயிரம், அதாவது ஒரு மாட்டின் வருச லாபம் முழுசும். எனவே விடிகாலை கறவைக்கு முன்னால் விளக்கைப் போட்டு ஒவ்வொரு மாட்டின் பின்பக்கத்தையும் பாருங்கள். கண்ணாடி மாதிரி தெளிந்த வழும்பு அறுபடாமல் நூலாகத் தொங்கும், சில மாட்டுக்கு வாலிலும் சப்பையிலும் ஒட்டிக் காய்ந்து மினுமினுக்கும். மாடு கத்தும், தீனி சரியாகத் தின்னாது, பால் அன்றைக்குக் குறையும், மற்ற மாடு மேலே தாவினால் நகராமல் நிற்கும். காலையில் இது தெரிந்தால் அன்று சாயங்காலம் ஊசி, சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை. கோடையில் கத்தாமலேயே ஊமைப் பருவமாக வந்து போய்விடும், அதனால் தேதி எழுதி வைப்பது முக்கியம். கொட்டாய்ச் சுவரில் ஒரு காலண்டர் மாட்டி, எந்த மாடு எந்தத் தேதி கன்று போட்டது, எப்போது பருவம், எப்போது ஊசி என்று எழுதுங்கள். கன்று போட்டு 60 நாளிலிருந்து 90 நாளுக்குள் ஊசி, ஊசி போட்டு 21-ம் நாள் திரும்பவும் பார்வை, மூன்று மாதத்தில் சினைப் பரிசோதனை. சினைக்காலம் 280 நாள். மூன்று ஊசி போட்டும் நிற்கவில்லை என்றால் நாலாவது ஊசி போடாதீர்கள், டாக்டரைக் கூப்பிட்டுக் கர்ப்பப்பையைப் பார்க்கச் சொல்லுங்கள். பல மாட்டுக்குத் தாது உப்பு போதாமல் பருவம் தள்ளும். தினமும் 30 முதல் 50 கிராம், அவ்வளவுதான், அதற்குக் கணக்குப் பார்க்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இழக்கிறார்கள்.

இரண்டாவது பசுந்தீவனம். மூட்டைத் தீவனத்தை நம்பி மாடு வைத்தால் நீங்கள் தீவனக் கம்பெனிக்குத்தான் வேலை செய்கிறீர்கள். கோ 4, கோ 5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் ஏக்கருக்கு வருசம் 150 டன் வரும் என்று போட்டிருப்பார்கள். நம் ஆள் கையில், நம் செம்மண்ணில், பாதிதான் வரும் என்று வைத்தாலும் ஒரு மாட்டுக்கு நாளைக்கு 25 கிலோ கணக்கில் 12 சென்ட் போதும். 5 மாடும் கன்றுகளும் சேர்த்து முக்கால் ஏக்கர். ஆனால் வெறும் புல் மட்டும் போடாதீர்கள். மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு பயறு வகை வேண்டும், வேலிமசால் 20 சென்ட் போட்டு வைத்தால் வருசக்கணக்கில் அறுக்கலாம், வரப்பில் அகத்தி. இந்தப் பயறு வகைதான் புண்ணாக்குச் செலவைக் குறைக்கிறது. நாளைக்கு ஒன்றேகால் கிலோ அடர்தீவனம் குறைத்தாலே 300 நாளில் ஒரு மாட்டுக்கு 11 ஆயிரம் மிச்சம், 5 மாட்டுக்கு 55 ஆயிரம். ஒரேயடியாகக் குறைக்காமல், பாலைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் இன்னொரு வசதியும் உண்டு. மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கும் காலத்தில் மல்லாட்டைக் கொடி கிடைக்கும், வைக்கோலைவிட எவ்வளவோ சத்து. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டும்போது கொழுந்தாடை வெட்டுகிற ஆளைக் கேட்டால் கிடைக்கும். வைக்கோல் தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கமிருந்து லோடாக வாங்கிப் போர் போட்டுவிடுங்கள், ஐப்பசி மழையில் வாங்கப் போனால் விலையும் கூட, நனைந்து பூஞ்சை பிடித்ததும் வரும். பண்ருட்டி சீசனில் பலாச் சக்கை சும்மாவே கிடைக்கும், ஆனால் அதை அளவாகப் போட வேண்டும், இனிப்பு அதிகம், வயிறு புளித்துப்போகும். விசேஷ வீட்டுச் சோறும் அப்படித்தான். பொங்கல் மறுநாள் டாக்டர்களுக்கு ஓய்வே இருக்காது, மாட்டுக்கு ஆசையாகப் பொங்கலை அண்டாவில் வைத்து அமில நோயில் விழவைத்துவிடுகிறார்கள். அதில் மாடு செத்துப் போவதும் உண்டு.

மழை வெள்ளத்தையும் கணக்கில் சேருங்கள். 2011 தானே, 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் என்று நம் மாவட்டத்துக்கு அது விட்டுவிட்டு வருவதுதான். ஒட்டுப்புல் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும், மேட்டு நிலத்தில் போடுங்கள். தாழ்வான மூலை இருந்தால் அங்கே நீர்ப்புல். கொட்டாய்த் தரை சுற்றுப்புறத்தைவிட ஒன்றரை இரண்டடி உயரம் இருக்கட்டும். கொட்டாய்க்குச் செலவு செய்வதென்றால் தரைக்குச் செய்யுங்கள், கூரைக்குச் செய்யாதீர்கள். கீற்றுக் கூரைதான் நம் வெயிலுக்கு நல்லது.

மூன்றாவது விற்பனை. நீங்கள் இருக்கும் இடம் இதற்கு நல்ல இடம், வடலூரும் நெய்வேலி நகரியமும் பக்கம். வீட்டுக்குக் கொண்டுபோய் ஊற்றினால் லிட்டருக்கு 50 ரூபாய்க்கு மேல் கொடுப்பார்கள், தண்ணீர் கலக்காத பாலுக்குக் காத்திருக்கிற குடும்பங்கள் நிறைய. நாளைக்கு 15 லிட்டர் 52 ரூபாய்க்கு ஊற்றினால் சொசைட்டி விலையைவிட வருசம் 87 ஆயிரம் கூடுதல். பெட்ரோல், பாட்டில், நின்றுபோகும் பாக்கி எல்லாம் கழித்து 60 ஆயிரம் நிற்கும் என்று வையுங்கள். ஆனால் இது தினசரி கட்டுப்பாடு, மழையானாலும் காய்ச்சலானாலும் ஆறு மணிக்கு வாசலில் நிற்க வேண்டும். இரண்டு நாள் போகாவிட்டால் பாக்கெட் பாலுக்குப் போய்விடுவார்கள். அப்புறம், வீட்டு வியாபாரம் கிடைத்துவிட்டதென்று சொசைட்டியை ஒரேயடியாக விடாதீர்கள். பள்ளிக்கூட லீவில் எல்லோரும் ஊருக்குப் போகும்போது மிச்சப் பாலை வாங்குவது சொசைட்டிதான், தீவனமும் கடனும் அதன் வழியாகத்தான் வரும். புதுச்சேரியில் பாகூர், வில்லியனூர் பக்கம் இருப்பவர்களுக்கு அங்கத்திய பால் கூட்டுறவான பாண்லே இருக்கிறது, அவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

சொசைட்டியில் கொழுப்பு குறைகிறது, விலை குறைகிறது என்று புலம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. கடைசியில் கறக்கும் பாலில்தான் கொழுப்பு அதிகம். முன்பாலை எல்லாம் கறந்துவிட்டுக் கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டால் கொழுப்பு குறையத்தான் செய்யும். கன்றுக்கு ஒரு காம்பை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டு மற்றதை முழுசாகக் கறந்து எடுங்கள். கறந்ததும் மாட்டுக்கு முன்னால் புல்லைப் போட்டு அரை மணி நேரம் நிற்க வையுங்கள், காம்புத் துளை மூட அவ்வளவு நேரம் ஆகும், உடனே ஈரத்தரையில் படுத்தால் மடிநோய். தினமும் ஒவ்வொரு காம்பின் முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள், திரி திரியாக இருந்தால் அன்றைக்கே வைத்தியம். ஒரு காம்பு போனால் பாலில் கால்வாசி போச்சு, மாட்டை விற்கப் போனாலும் விலை பாதி.

வாங்குவது பற்றி. 5 மாட்டை ஒரேயடியாக வாங்காதீர்கள், இது நான் கெஞ்சியே சொல்வது. ஒன்றாக வாங்கினால் ஒன்றாகவே வற்றும், இரண்டு மூன்று மாதம் வருமானமே இல்லாமல் ஐந்து வயிற்றுக்குத் தீனி போட வேண்டியிருக்கும். முதலில் இரண்டு, அப்புறம் நாலைந்து மாதம் கழித்து ஒன்று, மீதி உங்கள் கொட்டாயில் பிறக்கும் கிடேரிகள். கிடேரி முதல் கன்று போட இரண்டரை வருசம் ஆகும், ஆனால் அதுதான் பழைய மாட்டின் தேய்மானத்தை ஈடுகட்டும். பெண் கன்று மட்டும் பிறக்கிற மாதிரி பிரித்த விந்து ஊசியும் இப்போது கிடைக்கிறது, நூற்றுக்குத் தொண்ணூறு கிடேரிதான். கிடேரிகளுக்கும் முதல் இரண்டு ஈத்து மாடுகளுக்கும் அதைக் கேட்டு வாங்குங்கள்.

சந்தையைவிட கொட்டாயில் போய் வாங்குவது மேல். சந்தைக்கு வரும் மாட்டை முந்தின நேரம் கறக்காமல் மடியைக் கட்டிக்கொண்டு வருவார்கள், பார்க்க பானை மாதிரி இருக்கும். தரகர் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசி முடிப்பதற்குள் உங்களுக்கு யோசிக்க நேரமிருக்காது. இரண்டாவது ஈத்து, நாலு பல் ஆறு பல் மாடு, விற்கிறவர் வீட்டிலேயே சாயங்காலம், காலை, மறுபடி சாயங்காலம் மூன்று வேளை கறந்து பார்த்துத்தான் முன்பணம். உங்கள் கையாலேயே கறந்து பாருங்கள், நாலு காம்பும் சமமாக வருகிறதா, புதிய ஆளுக்கு உதைக்கிறதா என்று.

வாங்கிய வாரமே காப்பீடு. காதில் போடும் மஞ்சள் வில்லைதான் அதன் உயிர், 12 இலக்க எண். வில்லை அறுந்து விழுந்தால் அன்றே சொல்லி மறுவில்லை போட வேண்டும், வில்லை இல்லாமல் மாடு செத்தால் பணம் வராது. மேய விட்ட இடத்தில் முள்ளில் மாட்டி அறுந்த வில்லையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாடு செத்த பிறகு அலைகிறவர்களை நம் ஊரில் பார்க்கலாம், மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகப் போடுகிறார்கள், தோல் கட்டி நோய்க்கும் ஊசி உண்டு, விடாதீர்கள். ராத்திரி அவசரத்துக்கு உள்ளூர் டாக்டர் ஒருவரின் நம்பரை இப்போதே வாங்கி வையுங்கள், கால்நடை ஆம்புலன்சுக்கு 1962. பெரிய அறுவைச் சிகிச்சை என்றால் புதுச்சேரி குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

கடன் வாங்க வேண்டியிருந்தால் மாடு வளர்ப்புக்கும் கிசான் கிரெடிட் கார்டு உண்டு, 7 சதவீதம், ஒழுங்காகக் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடி போக 4 சதவீதம்தான். தீவனச் செலவுக்கு அதை வாங்கலாம். மாடு வாங்க வட்டிக்கு விடுகிறவரிடம் போகவே கூடாது, மேலே போட்ட கணக்கில் வட்டிக்கு இடமே இல்லை.

இப்போது எல்லாம் சேர்த்தால்: 13 மாதத்துக்குள் ஒரு கன்று என்று நடந்து, புல் உங்களுடையதாக இருந்து, பாதிப் பால் வீட்டுக்குப் போனால், மேலே சொன்ன வருச லாபம் ஒரு லட்சம் என்பது இரண்டு லட்சத்துச் சொச்சம் ஆகும், மாதம் 17, 18 ஆயிரம். இரண்டு பேரின் காலை மாலை உழைப்புக்குக் கிடைப்பது அது. அந்த நிலைக்கு வர இரண்டரை, மூன்று வருசமாவது ஆகும். எனவே வேலையை இப்போது விடாதீர்கள். அப்பா அம்மாவால் இரண்டு மாட்டைப் பார்த்துக்கொள்ள முடியும், முதல் ஒரு வருசம் அப்படி ஓடட்டும், உங்கள் சம்பளம் தீவனத்துக்குப் பின்பலமாக இருக்கட்டும்.

4 லட்சத்தைப் பிரித்துச் சொல்கிறேன். இரண்டு மாட்டுக்கு 1,30,000, கொட்டாய்க்கு 80,000, புல் நறுக்கும் மிஷினுக்கு 25,000 (முழுசாகப் போட்டால் தண்டை மிதித்தே வீணாக்கும், நறுக்கினால் கால்வாசிப் புல்லாவது மிச்சம்), புல் நட, குழாய் போட 20,000. மூன்றாவது மாட்டுக்கு 65,000 ஒதுக்குங்கள். மிச்சம் 80,000-ஐத் தொடாமல் வங்கியில் வையுங்கள், ஒரு மாடு செத்தாலும், நாலு மாதம் வற்றி நின்றாலும் கைகொடுப்பது அதுதான்.

வரிசை மட்டும் மாறக்கூடாது. மழை விட்டதும் தையில் புல் கரணை (நடுவதற்கான தண்டுத் துண்டு) நடுங்கள். கரணையை விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள், அங்கே இல்லாவிட்டால் பக்கத்தில் புல் போட்டிருப்பவரிடம் வெட்டி வாங்கலாம். 75, 80 நாளில் முதல் அறுப்பு வரும், பிறகு 45 நாளைக்கு ஒருமுறை. அந்த முதல் அறுப்பு கையில் வந்த பிறகு மாடு பார்க்கக் கிளம்புங்கள். அதற்குள் போரில் சித்திரையிலும் தண்ணீர் நிற்கிறதா, நிலத்தில் எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது என்று எழுதுங்கள், எங்கே எந்தப் புல் என்று பார்த்துச் சொல்கிறேன்.